அனுபவம் எப்போது ஜோக் ஆகிறது?

கேள்வி இதுதான்: "30, 40 வருஷம் மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைத்த ஸ்டாண்ட்-அப் கலைஞர்கள் எந்தப் பேட்டியிலும் 'எல்லாம் என் வாழ்க்கையிலிருந்து எடுத்ததுதான்' என்கிறார்கள். எனக்கும் எவ்வளவோ நடந்திருக்கிறது. நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக்கில் சொன்னால் அமைதி. அந்த மூத்தவர்கள் நிஜமாக என்னதான் செய்கிறார்கள்?"

உங்களுக்கு நடந்ததில் குறை ஒன்றும் இருக்காது. நடந்ததற்கும் மேடைக்கும் நடுவே அவர்கள் பார்க்கும் வேலை பேட்டிகளில் வருவதில்லை, அவ்வளவுதான். எழுதி வைப்பது, ஆறப் போடுவது, வெட்டுவது, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து மாற்றுவது. சலிப்பூட்டும் வேலை. ஆனால் கற்றுக்கொள்ளக் கூடியது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஓர் இரும்பு அலமாரியிலிருந்து தொடங்கலாம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் பிலிஸ் டில்லரின் ஜோக் அலமாரி இருக்கிறது. 48 இழுப்பறைகள்; அவை போதாமல் பிறகு சேர்த்த இன்னும் 3. உள்ளே 3 அங்குலத்துக்கு 5 அங்குல அட்டைகள், 52,000க்கும் மேல். ஓர் அட்டைக்கு ஒரு ஜோக், தட்டச்சு செய்தது. தலைப்புவாரியாக, அகரவரிசையில் அடுக்கியது. பல அட்டைகளில் தேதி இருக்கும், எழுதிக் கொடுத்தவர் பெயரும் இருக்கும். 2003இல் இதை அவர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். 2017இல் தன்னார்வலர்கள் இணையம் வழியாக அட்டை அட்டையாகத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள்.

டில்லர் 1917இல் ஓஹையோ மாநிலத்து லைமா என்ற ஊரில் பிறந்தவர். முதன்முதலாக மேடை ஏறியது 1955 மார்ச் 7, சான் ஃபிரான்சிஸ்கோவின் 'பர்ப்பிள் ஆனியன்' கிளப்பில். அப்போது வயது 37, வீட்டில் ஐந்து பிள்ளைகள். கடைசி நிகழ்ச்சி 2002இல். ஆக 47 வருஷம். 52,000ஐ 47ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 1,100, நாளுக்கு மூன்று. எல்லாம் அவர் எழுதியவை அல்ல. மற்றவர்களிடம், அதிலும் வீட்டில் இருந்தபடி எழுதி அனுப்பிய பெண்களிடம், காசு கொடுத்து வாங்கியவை ஏராளம். ஆனால் நாளுக்கு மூன்று என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டே போனவர் அவர்தான். உத்வேகம் வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை.

உங்களுக்கு அலமாரி தேவையில்லை, போனில் இருக்கும் நோட்ஸ் போதும். ஆனால் அந்த அட்டையின் அளவைக் கொஞ்சம் கவனியுங்கள். 3க்கு 5 அங்குலத்தில் ஒரு கதை அடங்காது. ஒரு கருத்தும், சிரிப்பு வெடிக்கும் இடமான அதன் முடிச்சும் மட்டுமே அடங்கும். அந்தக் குறுகிய இடமே முதல் கத்தரி.

நடந்ததைக் குறித்து வைக்கும்போது பெரும்பாலானவர்கள் முழுச் சம்பவத்தையும் எழுதிவிடுகிறார்கள். பிறகு அதைத் திறந்து பார்க்கவே தோன்றாது. நான்கு விஷயம் போதும். என்ன நடந்தது, ஒரே வரியில். அப்போது உள்ளுக்குள் வந்தது என்ன, ஒரே சொல்லில்: எரிச்சல், வெட்கம், பயம், பொறாமை. 'வேடிக்கையாக இருந்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். அது உணர்ச்சி அல்ல, அதை வைத்து ஒன்றும் கட்ட முடியாது. மூன்றாவது, யாராவது வாயால் சொன்ன ஒரு வார்த்தை, சொன்னது சொன்னபடியே. நான்காவது, கண்ணில் பட்ட ஒரு பொருள். இதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மறுநாள் ஆனால் ஞாபகம் அந்தப் பேச்சைத் திருத்தி, ஒழுங்கான தமிழாக்கி வைத்துவிடும். சிரிப்பு இருந்ததே அந்த ஒழுங்கில்லாத இடத்தில்தான்.

இன்னொரு அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞரான ஜார்ஜ் கார்லினும் இப்படிப்பட்ட சேகரிப்பாளர்தான். கைக்குக் கிடைத்த தாளில் எல்லாம் கிறுக்கி, பிறகு அவற்றைத் தலைப்புவாரியாகப் பிரித்து வைப்பார். அந்தக் குறிப்புகள் இப்போது நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் ஊரிலுள்ள தேசிய நகைச்சுவை மையத்தில் இருக்கின்றன. பிரித்து வைப்பதில் ஒரு பலன் உண்டு. மூன்று வருஷ இடைவெளியில் எழுதிய இரண்டு துண்டுகள் ஒரே தலைப்பின் கீழ் வந்து விழும்போது, தனித்தனியாக ஒன்றுமே இல்லாதவை சேர்ந்து ஒரு பகுதியாகிவிடும். தேதிவாரியாக மட்டும் எழுதிக்கொண்டே போனால் இது நடக்காது. மாதம் ஒரு முறை உட்கார்ந்து அடுக்குங்கள். அப்பா, பணம், உடம்பு, பஸ், பக்கத்து வீடு என்று சாதாரணத் தலைப்புகளே போதும்.

இனி குறிப்பு ஜோக் ஆவதைப் பார்ப்போம். விளக்குவதற்காகவே ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன். ஒருவர் ஓப்பன் மைக்கில் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்:

"போன வருஷம் ஜூன் மாசம் அப்பாவுக்குத் திடீர்னு நெஞ்சு வலி வந்துச்சு, முதல்ல ஊர்ல காட்டினோம், அவங்க மதுரைக்கு எழுதிக் குடுத்தாங்க, அங்க பைபாஸ் பண்ணணும்னு சொல்லிட்டாங்க, நாலு லட்சம் செலவு, சித்தப்பாதான் பாதி குடுத்தாரு, ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்ப கூட அப்பா எங்ககிட்ட வீட்ல மோட்டார ஆஃப் பண்ணிட்டீங்களான்னுதான் கேட்டாரு."

37 சொற்கள். சிரிப்பு வராது, வந்தாலும் மெல்லியதாக வரும். காரணம் மூன்று. முதலாவது, ஜூன் மாதம், மதுரை, நாலு லட்சம், சித்தப்பா எல்லாமே உண்மை என்பதற்காக மட்டும் உள்ளே இருக்கின்றன. முடிச்சுக்கு அவற்றால் பயன் இல்லை. கேட்பவர் ஒவ்வொன்றையும் 'இது பிறகு தேவைப்படுமோ' என்று மனதில் தூக்கி வைத்துக்கொள்கிறார். சித்தப்பா பணம் கொடுத்தார் என்றதும் அவர் மனம் கடன் பக்கம் போய்விடுகிறது. இரண்டாவது, அப்பா பேசவே இல்லை. 'கேட்டாரு' என்று நீங்கள் அறிக்கை வாசிக்கிறீர்கள். மூன்றாவது காரணம் தமிழ் வாக்கிய அமைப்பிலிருந்து வருவது. மோட்டார் என்ற சொல் 34ஆவதாக வந்து, அதன் பிறகும் மூன்று சொல் ஓடுகிறது. கேட்பவர்களுக்குப் பிடிபட்ட நொடியில் நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாகரிகம் தெரிந்த கூட்டம், நீங்கள் முடிக்கும்வரை சிரிப்பை அடக்கிக்கொள்ளும். அடக்கிய சிரிப்பு திரும்ப வராது.

இதையே வெட்டினால்:

"அப்பாவுக்கு பைபாஸ். தியேட்டர் வாசல்ல ஸ்ட்ரெச்சர் நிக்குது. அப்பா என் கையப் புடிக்கிறாரு. எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாக்குறாரு. 'எல்லாரும் இங்க இருக்கீங்க... அப்ப மோட்டாரு?'"

19 சொற்கள், கடைசிச் சொல் மோட்டார். 'நிக்குது, புடிக்கிறாரு' என்று நிகழ்காலத்துக்கு வந்துவிட்டதால் கூட்டமும் அந்த வாசலில் நிற்கிறது. கையைப் பிடிப்பது, முகம் முகமாகப் பார்ப்பது இரண்டையும் வெட்டாமல் விட்டதற்குக் காரணம் உண்டு: கண்ணீர் வரப்போகிறது என்று நம்ப வைப்பவை அவைதான். அந்த நம்பிக்கை எவ்வளவு இறுக்கமோ, மோட்டார் அவ்வளவு வெடிக்கும்.

தமிழில் வாக்கியம் வினையில் முடிவது எழுத்துக்கு அழகு. ஆனால் வெடிக்க வேண்டிய சொல் பெரும்பாலும் பெயர்ச்சொல். அது வினைக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடும். தப்பிக்கப் பேச்சுத் தமிழிலேயே வழி இருக்கிறது. ஒன்று, மேலே செய்ததுபோல வினையே இல்லாத கேள்வியாக முடிப்பது. இன்னொன்று, 'கேட்டாரு பாரு, வாடகைய' என்று பெயரை வினைக்குப் பின்னால் தள்ளுவது. நாம் தினமும் இப்படித்தான் பேசுகிறோம். மேடைக்கு என்று எழுத உட்கார்ந்ததும் வாக்கியத்தைத் திருத்திவிடுகிறோம். டில்லரும் கடைசிச் சொல்லில் கவனமாக இருந்தவர். ஜோக் வெடிக்கும் மெய்யொலியில் முடிவது நல்லது என்பது அவர் கட்சி. தமிழில் ட்ட, க்க, ப்ப ஒலிகள் அந்த வேலையைச் செய்யும். 'பம்ப் செட்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'மோட்டாரு' என்று சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் வாய்க்கே தெரியும்.

முடிச்சு விழுந்த பிறகு வருவதை டேக் என்பார்கள். புதிதாகச் செட்-அப், அதாவது முடிச்சுக்கு முன்னால் போடும் அடித்தளம், இல்லாமல் அதே படத்தின்மேல் அடுத்த அடி. "அதுவரைக்கும் அழுதுட்டிருந்த அம்மா, 'ஐயையோ'ன்னாங்க." அதன்மேல் இன்னொன்று: "மயக்க ஊசி டாக்டர் மெதுவா கேக்குறாரு: 'எத்தனை லிட்டர் டேங்க் சார்?'" ஒரு செட்-அப்புக்கு மூன்று சிரிப்பு. டில்லர் ஒரு நிமிடத்தில் 12 சிரிப்பு வரை வாங்கியவர் என்று சொல்வார்கள். 12 செட்-அப் சொல்ல ஒரு நிமிடத்தில் நேரம் ஏது? ஒரே செட்-அப்பின் மேல் அடுக்கிக்கொண்டே போனால்தான் அந்த வேகம் கிடைக்கும். நீங்கள் நிமிடத்துக்கு நான்கைத் தொட்டாலே நல்ல நிலையில் இருக்கிறீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நண்பர்கள் சிரித்தது மேடையில் விழாமல் போவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நண்பருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும். மோட்டார் என்றால் அவர் எப்படிக் கத்துவார் என்று கேட்டே இருப்பார். பாதிச் செட்-அப் பல வருஷமாக ஏற்கெனவே நடந்துவிட்டது. மேடைக்கு முன்னால் இருப்பவருக்கு உங்களையே தெரியாது. 'நான் யார்' என்பதை முதல் அரை நிமிடத்தில் காட்டியாக வேண்டும்.

டில்லர் அதை உடையிலேயே காட்டிவிடுவார். கலைந்து நிற்கும் தலைமுடி, பளபளக்கும் தொளதொள அங்கி, கையில் நீண்ட சிகரெட் குழல். குழல் மரத்தால் ஆனது, அவருக்குப் புகைப் பழக்கமே கிடையாது. அங்கி தொளதொளவென்று இருந்ததற்கும் காரணம் உண்டு. அவருக்கு நல்ல உடற்கட்டு. அது தெரிந்தால் 'நான் அழகே இல்லாதவள்' என்ற ஜோக் செத்துவிடும். அதனால் மறைத்தார். பியானோவை முறையாகப் படித்தவர், பிற்காலத்தில் சிம்ஃபனி இசைக்குழுக்களோடு வாசித்தவர். ஆனால் மேடையில் அவர் சமைக்கத் தெரியாத, துணியைத் தேய்க்காமல் விட்டு வைக்கிற ஒரு வீட்டுக்காரி. 'என் வாழ்க்கையிலிருந்து எடுத்தது' என்று ஒரு மூத்தவர் சொன்னால், தன்னில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, மற்றதை எல்லாம் திரைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். நீங்களும் ஒரு மேடை முகத்தைத் தேர்ந்தெடுங்கள்: எதற்கும் பயப்படுகிறவரா, எல்லாம் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்கிறவரா, வீட்டில் பேச இடம் கிடைக்காதவரா? ஐந்து நிமிடச் செட்டில், அதாவது ஒரு முறை மேடை ஏறிப் பேசும் பகுதியில், ஒன்றுதான் கொள்ளும்.

தப்பான முகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால்? அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் ரிச்சர்ட் பிரையருக்கு அதுதான் நடந்தது. 1960களில் இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான பில் காஸ்பியின் பாணியில், யாரையும் உறுத்தாத ஜோக்குகளைச் சொல்லி நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தார். 1967இல் லாஸ் வேகஸின் அலாடின் ஹோட்டல் மேடையில், 'நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன்' என்ற கேள்வி வந்து, பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார். இலினாய் மாநிலத்து பியோரியாவில், பாட்டி நடத்திய விபச்சார விடுதியில் வளர்ந்தவர் அவர். அந்த வீட்டில் கேட்ட குரல்கள் அவர் மேடைக்கு வரப் பிறகும் சில வருஷம் பிடித்தது. வந்த பிறகுதான் இன்று நாம் அறிந்த பிரையர். கார்லினும் ஏறக்குறைய அதே காலத்தில் கோட்டு, டையைக் கழற்றிவிட்டுத் தாடியும் நீள முடியுமாக மாறினார். அந்த மாற்றத்தில் இருவருக்கும் வருமானம் போனது. லாபக் கணக்குப் பார்த்து இதைச் செய்ய முடியாது. ஆனால் ஒரு அறிகுறியைக் கவனியுங்கள்: கூட்டம் சிரிக்கிறது, உங்களுக்கு மட்டும் அடுத்த வரியைச் சொல்லவே சலிப்பாக இருக்கிறது என்றால், முகம் உங்களுடையது இல்லை.

அடுத்து வலி. இந்தக் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

1980 ஜூன் 9 அன்று பிரையர் போதையில் தன் உடம்புக்கே தீ வைத்துக்கொண்டார். உடலில் பாதிக்கு மேல் தீக்காயம். இரண்டு வருஷம் கழித்து, 1982இல் வெளிவந்த மேடைப் படத்தில் அதைப் பற்றிப் பேசினார். என்னைப் பொறுத்தவரை ஸ்டாண்ட்-அப் பழகுகிறவர்கள் வரி வரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய பகுதி அது. முதலில் பாலும் பிஸ்கட்டுமாக ஒரு பொய்க் காரணம் சொல்கிறார். கூட்டத்துக்கு உண்மை தெரியும். அவர் மழுப்புவதைப் பார்த்து இறுக்கம் தளர்கிறது. பிறகு போதைப் பழக்கத்துக்குள் போகிறார். போதைக் குழாய்க்கே ஒரு குரல் கொடுக்கிறார். அது அவரிடம் நட்பாகப் பேசுகிறது. கடைசியில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, காற்றில் நகர்த்திக் காட்டி, தெருவில் தான் ஓடியதைப் பற்றி வெளியே உலவிய ஜோக்கைத் தானே சொல்லிவிடுகிறார்.

இதில் மூன்று நுட்பங்களைப் பிரித்து எடுக்கலாம். பரிதாபப்படாதீர்கள் என்று அவர் கேட்கவில்லை, பரிதாபத்துக்கு நேரமே கொடுக்கவில்லை. தப்பு செய்தவராகத் தன்னை வைத்துக்கொண்டார்; 'எனக்கு இப்படி ஆயிற்று' என்பதை விட 'நான் இப்படிச் செய்தேன்' என்பதற்குக் கூட்டம் சீக்கிரம் சிரிக்கும். மூன்றாவது, உயிரில்லாத பொருளையோ உடம்பின் உறுப்பையோ பாத்திரமாக்குவது. 1977இல் வந்த மாரடைப்பை மேடையில் சொன்னபோதும் இதைத்தான் செய்தார். இதயம் அதட்டுகிறது, அவர் கெஞ்சுகிறார். 'நெஞ்சு பயங்கரமாக வலித்தது' என்பது தகவல். இதயம் ஒரு ரவுடி மாதிரி பேசினால் அது காட்சி. உங்கள் சம்பவத்தில் எதற்குக் குரல் கொடுக்கலாம் என்று தேடுங்கள்: வட்டிக் கடிதம், ஸ்கேன் மெஷின், அம்மாவின் பிரஷர் குக்கர், எதுவாகவும் இருக்கலாம்.

எவ்வளவு நாள் ஆறப் போடுவது? பொதுவாக ஒரு சோதனை சொல்லலாம். சம்பவத்தை ஒருவரிடம் நேரில் சொல்லுங்கள். சொல்லும்போது குரல் மாறினாலோ, கேட்டவர் உங்கள் கையைப் பிடித்தாலோ, இன்னும் ஆறவில்லை. கூட்டம் முதலில் பார்ப்பது நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்பதைத்தான். இல்லை என்று பட்டால் சிரிக்க மாட்டார்கள். அது அவர்களுடைய நல்ல மனசு, அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நாள் கணக்கு மட்டும் முக்கியமில்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் டிக் நோடாரோ 2012 ஆகஸ்ட் 3 அன்று லாஸ் ஏஞ்சலஸின் லார்கோ அரங்கில் மேடை ஏறி, வணக்கம் சொன்ன கையோடு தனக்குப் புற்றுநோய் என்றார். தெரிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய சில மாதங்களில் குடல் தொற்று, அம்மாவின் மரணம், உறவு முறிவு எல்லாம் வரிசையாக வந்திருந்தன. அந்த இரவு ஸ்டாண்ட்-அப் வரலாற்றில் நிற்கிறது. அது எப்படிச் சாத்தியமானது? அவர் அழவில்லை. தன் வழக்கமான, ஏற்ற இறக்கமில்லாத நிதானக் குரலிலேயே பேசினார். தவித்துப்போன கூட்டத்தை 'பரவாயில்லை' என்று அவர்தான் சமாதானப்படுத்திக்கொண்டே போனார். யார் யாரைத் தேற்றுவது என்பது தலைகீழானதே சிரிப்புக்கு இடம் கொடுத்தது. ஆனால் அதற்கு முன் பத்து வருஷத்துக்கும் மேலாக மேடையில் அந்தக் குரலைப் பழக்கியிருந்தார். மேடைக்குப் புதியவர் இதை முதல் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கார்லின் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம், ஆர்ப்பாட்டம் இல்லாதது. 1977இலிருந்து 2008வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்கு 14 தனி நிகழ்ச்சிகள், சராசரியாக இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் ஒன்று. கடைசியானது 2008 மார்ச் 1 அன்று ஒளிபரப்பானது, வயது 70. அதே வருஷம் ஜூன் 22 அன்று இறந்துபோனார். அதில் ஒரு பகுதி: நண்பர் இறந்துவிட்டால் முகவரிப் புத்தகத்திலிருந்து அவர் பெயரை எப்போது அடிப்பது? உடனே அடித்தால் மரியாதை இல்லை. ஆறு வாரம் விட்டு வைக்க வேண்டும் என்று ஒரு விதியையே சொல்கிறார். எடுத்துக்கொண்ட பொருள் எவ்வளவு சின்னது பாருங்கள். சாவைப் பற்றிப் பேசவில்லை, முகவரிப் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். அந்த வயதில் எல்லாருக்கும் நடப்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. போனில் இறந்தவர் எண்ணை அழிக்கக் கை வராமல் வைத்திருக்கிற எவருக்கும் இது உடனே புரியும். பெரிய விஷயம் கையில் இருந்தால், அதில் கையால் தொடக்கூடிய மிகச் சிறிய பொருள் எது என்று தேடுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

வீட்டு மனிதர்களைப் பற்றி. டில்லர் மேடையில் கணவரை 'ஃபாங்' என்ற பெயரில் கேலி செய்தார், மாமியாருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். பெயர் மாற்றியும் சிக்கல் வந்தது. விவாகரத்துக்குப் பிறகு கணவர் வீட்டார் அவதூறு வழக்கே போட்டார்கள். மேடைக் குடும்பம் கற்பனை என்பது அவர் வாதம். நம் ஊரில் வழக்கு வராமல் போகலாம், ஆனால் வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கலாம். அந்த நபர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் இதே வார்த்தையில் சொல்வீர்களா? மாட்டீர்கள் என்றால் மாற்றி எழுதுங்கள். அடுத்தது, ஜோக்கில் அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கட்டும். மோட்டார் அப்பாவைப் பாருங்கள்: அவர் கேட்டது தப்பே இல்லை, டேங்க் நிஜமாகவே வழிந்துகொண்டிருக்கும். அதனால்தான் கூட்டம் அவரை நேசித்துக்கொண்டே சிரிக்கிறது. மனைவி, மாமியார், வேலைக்கு வருகிறவர்கள் பற்றிய பழைய ஜோக்குகள் இன்று விழாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்; எதிரில் இருப்பவருக்கு அங்கே ஒரு நியாயமும் கொடுக்கப்படுவதில்லை.

இனிச் சோதித்துப் பார்ப்பது. ஒவ்வொரு செட்டையும் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள், அன்றிரவே கேட்டால் வருத்தமோ பூரிப்போ காதை மறைக்கும். முதல் சிரிப்புக்கு எத்தனை நொடி ஆயிற்று என்று பாருங்கள். 20 நொடியைத் தாண்டினால் தொடக்கத்தை வெட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: பலத்த சிரிப்பு, மெல்லிய சிரிப்பு, ஒன்றுமில்லை. அடுத்த முறை ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: ஒரு சொல், அல்லது ஓர் இடைவெளி, அல்லது வரிசை. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு ஜோக்கை ஓர் இரவு விழாததற்காகத் தூக்கி எறியக் கூடாது. ஐந்தாறு வெவ்வேறு கூட்டத்தில் விழாவிட்டால் எறியலாம். ஓர் இரவு நன்றாக விழுந்ததற்காக நம்பிவிடவும் கூடாது. அன்றைக்கு முன்னால் பேசியவர் கூட்டத்தைச் சூடாக்கி வைத்திருப்பார்.

பதிவில் கட்டாயம் கேட்கப்போகும் ஒரு தவறு: சிரிப்பின்மேல் பேசுவது. சிரிப்பு எழும், உச்சம் தொடும், இறங்கும். இறங்கத் தொடங்கி, முழுசாக அடங்குவதற்குச் சற்று முன்னால் அடுத்த வரி வர வேண்டும். பதற்றத்தில் எழும்போதே பேசிவிட்டால், அடுத்த செட்-அப் காதில் விழாது; அடுத்த ஜோக்கும் சேர்ந்து சாகும். நிறுத்தப் பழகுவதற்கு மனதுக்குள் 'ஒண்ணு, ரெண்டு' எண்ணுவது உதவும்.

மைக் பற்றிச் சுருக்கமாக. ஸ்டாண்டிலிருந்து எடுத்தால் ஸ்டாண்டைத் தூக்கிப் பின்னால் வையுங்கள். உங்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பி வேண்டாம். வாயிலிருந்து இரண்டு விரல் தூரம். கத்தும் இடத்தில் கையை விலக்குங்கள், இல்லாவிட்டால் முடிச்சுச் சொல் இரைச்சலாகிவிடும். விளக்கு காட்டினால், அதாவது நேரம் முடியப் போகிறது என்று பின்னாலிருந்து சைகை வந்தால், உங்கள் மிக வலுவான ஜோக்குக்குத் தாவி முடித்துவிட்டு இறங்குங்கள். ஐந்து நிமிடம் கொடுத்த இடத்தில் ஏழு நிமிடம் பேசுகிறவரை அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள்.

கடைசியாக, நேரக் கணக்கு. ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு அதையே அளவாக எடுத்துக்கொண்டால் மனம் உடையும். ஜெரி சைன்ஃபெல்ட் 1998இல் தன் தொலைக்காட்சித் தொடர் முடிந்த வருஷம், அதுவரை சொல்லிவந்த ஜோக்குகளை நியூயார்க்கின் பிராட்ஹர்ஸ்ட் அரங்கில் கடைசியாக ஒரு முறை சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் கைவிட்டார். பிறகு மஞ்சள் தாளில் கையால் எழுதி, சின்னச் சின்ன கிளப்புகளில் முதலிலிருந்து தொடங்கினார். அந்த முயற்சியைப் படம் பிடித்து 2002இல் ஓர் ஆவணப்படமாக வெளியிட்டார்கள். அதில் அவர் மேடையில் அடுத்த வரி மறந்து நிற்கிறார், தாளைப் பார்க்கிறார். அமெரிக்காவின் மிகப் பிரபலமான நகைச்சுவைக் கலைஞருக்கு அப்போது கையில் இருந்தது சில நிமிடங்கள்தான். கூட்டம் முதலில் முகத்துக்காகக் கை தட்டுகிறது, ஐந்து நிமிடத்தில் அது தீர்ந்துவிடுகிறது, பிறகு ஜோக் மட்டும்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு இப்போது தேவை ஐந்து நிமிடம். நிமிடத்துக்கு நான்கு சிரிப்பு என்றால் 20 சிரிப்பு. டேக்குகளோடு சேர்த்து ஏழெட்டுச் செட்-அப். வாரம் இரண்டு மேடை கிடைத்தால், அதைத் தேற்ற ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். இன்றைக்கு நான்கு வரிக் குறிப்பு ஒன்றை எழுதிவிடுங்கள். யார் என்ன சொன்னார் என்பது மட்டும் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்.